தந்தி பேசும் புத்தகங்கள்



ஒரு தப்பை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். வாத்தியார் தப்பை ஒப்புக்கொள்வதா என்று பார்க்கிறீர்களா? ஓய்வு பெற்றுவிட்டேனே, இனி எனக்கென்ன பயம்!

அது 1989-ஆம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் திருக்குறள் நடத்திக் கொண்டிருந்தேன். குழந்தைகளின் மழலையைக் குழலோடும் யாழோடும் ஒப்பிட்டுத் திருவள்ளுவர் பாடியிருக்கிறாரே, அந்தக் குறள். நாலாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாத பையன்.

"சார், குழல் தெரியும். யாழ் எப்படி சார் இருக்கும்? அதில எப்படி சார் சத்தம் வரும்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள்! "எல்லாம் நம்ம வீணை மாதிரிதான்டா, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். நோட்டுப் புத்தகத்தில் 'யாழ் = வீணை' என்று எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பல மாதம் கழித்து, நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது யாழைப் பற்றிய ஒரு பெரிய புத்தகம் கையில் கிடைத்தது. நான் சொன்னது தப்பு என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அவனிடம் சொல்லலாம் என்றால், அவன் அதற்குள் பள்ளியை விட்டே போயிருந்தான். அவன் அப்பாவுக்கு வெளியூர் மாற்றலாம்.

அன்று முதல் நரம்புக் கருவிகளைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் விடாமல் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடினால் வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள்! ஆனாலும் படித்தேன். அவற்றில் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிற சிலவற்றை இங்கே சொல்கிறேன். சில புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அக்காவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நூலகத்தில் இல்லாவிட்டால் நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்டால்தானே வாங்கி வைப்பார்கள்?

குப்பை மேட்டு வயலின்

முதலில் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம். பெயர் 'ஏடாஸ் வயலின்'. ஏடாவின் வயலின் என்று பொருள். எழுதியவர் சூசன் ஹூட். படம் வரைந்தவர் சாலி வெர்ன் காம்ப்போர்ட். 2016-இல் வெளிவந்தது. இது உண்மைக் கதை.

தென் அமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு. அதன் தலைநகர் அசுன்சியோன். நகரத்துக் குப்பையெல்லாம் லாரி லாரியாக வந்து விழுந்த இடம் காத்தேயுரா. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல, நீளமான கொக்கியை வைத்துக் குப்பையைக் கிளறி, பிளாஸ்டிக், அட்டை என்று பொறுக்கி விற்றுத்தான் சாப்பிட்டன. அந்த ஊர்ச் சிறுமிதான் ஏடா. 2006-ஆம் ஆண்டில் ஃபாவியோ சாவேஸ் என்ற சுற்றுச்சூழல் பொறியாளர் வேலையாக அங்கே வந்தார். அவருக்கு இசையும் தெரியும். பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். ஏடாவைக் கேட்காமலேயே அவள் பாட்டி பேர் கொடுத்துவிட்டார். பாட்டிகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்!

ஆனால் பிள்ளைகள் அதிகம், வயலின்கள் குறைவு. புதிதாக வாங்கலாமா? அங்கே ஒரு வீட்டின் விலையைவிட ஒரு வயலினின் விலை அதிகம். அப்படியே வாங்கிக் கொடுத்தாலும், அந்தக் குழந்தை அதை வீட்டுக்குப் பத்திரமாக எடுத்துப் போக முடியாது. திருட்டுப் போய்விடும்.

அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். நிக்கோலாஸ் கோமெஸ் என்று பெயர். தச்சு வேலையும் தெரிந்தவர். "குப்பையில் இருந்தே செய்து பார்ப்போமே" என்று இறங்கினார்கள். பெயிண்ட் டப்பா வயலினின் வயிறு ஆயிற்று. சாப்பிடுகிற முள் கரண்டி, தந்திகளைக் கீழே பிடித்துக்கொள்ளும் பாகம் ஆயிற்று. எண்ணெய் பீப்பாய் ஒன்று செல்லோ ஆயிற்று. (செல்லோ என்பது வயலினின் பெரியண்ணன். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிப்பார்கள். அடுத்த கதையில் அவர்தான் கதாநாயகன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கருவிகளை யாரும் திருட மாட்டார்கள் அல்லவா? பிள்ளைகள் தைரியமாக வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகினார்கள்.

பிறகு அந்தக் குழு பல நாடுகளுக்குப் போனதும், புகழ்பெற்ற ராக் இசைக்குழு ஒன்றோடு மேடை ஏறியதும் புத்தகத்தில் வருகிறது. எனக்கு என்னவோ அந்தப் பக்கங்களைவிட, பீப்பாயைச் செல்லோ ஆக்குகிற பக்கம்தான் பிடித்தது. படங்களை அவசரமாகப் புரட்டாதீர்கள். காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டிச் செய்த மாதிரியான படங்கள் அவை. குப்பையில் இருந்து வாத்தியம் செய்தவர்களின் கதைக்கு வேறு எப்படிப் படம் போடுவது?

பூனையும் குயிலும் வந்த இரவுகள்

இப்போது என் செல்லப் புத்தகம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஜப்பானில் மியாசவா கெஞ்சி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1896-இல் பிறந்தவர். வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, அந்த வேலையை 1926-இல் விட்டுவிட்டு விவசாயிகளோடு விவசாயியாக வாழ்ந்தார். அவருக்குச் செல்லோ வாசிக்க ஆசை. சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் பழகினார். பெரிய வித்துவானாக ஆகவில்லை. 37 வயதிலேயே, 1933-இல் இறந்தும் போனார். அவர் எழுதி வைத்திருந்த 'செல்லோ வாசிக்கும் கோஷ்' என்ற கதை அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது.

கோஷ் ஓர் இளைஞன். ஊர் சினிமாக் கொட்டகையின் வாத்தியக் குழுவில் செல்லோ வாசிப்பவன். அப்போதெல்லாம் பேசாத படங்கள்தானே? திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பார்கள். குழுவிலேயே மோசமாக வாசிப்பவன் நம் கோஷ்தான். கச்சேரிக்குப் பத்தே நாள் இருக்கிறது. குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் அவனைக் கடுமையாகத் திட்டுகிறார். உன் வாசிப்பில் உணர்ச்சியே இல்லை, மற்றவர்களோடு சுருதி சேரவில்லை, எப்போதும் பிந்தி வருகிறாய் என்று. கோஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணீர் விடுகிறான். பிறகு ஆற்றங்கரையில் இருக்கும் தன் குடிசைக்குப் போய், ஒரு வாளி நிறைய இருக்கும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் பழகுகிறான்.

முதல் ராத்திரி கதவு தட்டப்படுகிறது. வந்தது யார் தெரியுமா? ஒரு பூனை! கோஷின் தோட்டத்திலேயே பறித்த பழுக்காத தக்காளியைக் கொண்டுவந்து பரிசு என்று நீட்டுகிறது. எனக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டு என்று அதிகாரம் வேறு. கோஷுக்கு வருகிறதே கோபம்! 'இந்தியாவில் புலி வேட்டை' என்று ஒரு பாட்டை இடி இடித்தாற்போல வாசிக்கிறான். (ஆமாம், நம் இந்தியாதான்!) பூனை அலறிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

மறுநாள் ராத்திரி ஒரு குயில் வருகிறது. ஸ்வரம் சரியாகப் பாடக் கற்றுக்கொடு என்கிறது. "குக்கூ குக்கூ என்று கத்துகிற உனக்கு எதற்கு ஸ்வரம்?" என்று கோஷ் சிரிக்கிறான். ஆனால் குயிலோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. சுருதி சரியாக இருப்பது என் செல்லோவிலா, இந்தக் குயிலின் தொண்டையிலா? இந்தச் சந்தேகம் வந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கோபப்படுவார்கள். கோஷும் கோபப்படுகிறான். பயந்துபோன குயில் வெளியே பறக்கப் பார்த்து, ஜன்னல் கண்ணாடியில் மோதிக் கீழே விழுகிறது. பாவம், எழுந்து மறுபடியும் மோதுகிறது. கடைசியில் கோஷ் காலால் உதைத்துக் கண்ணாடியை உடைக்க, அது பறந்தே போய்விடுகிறது.

மூன்றாம் ராத்திரி வருவது தனுகிக் குட்டி. தனுகி என்பது ஜப்பானில் வாழும் நாய் இனத்து விலங்கு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பூசினாற்போல இருக்கும். அந்தக் குட்டி இரண்டு குச்சிகளால் செல்லோவின் வயிற்றில் தாளம் தட்டுகிறது. தட்டிக்கொண்டே வந்து, உன் இரண்டாவது தந்தி வரும்போதெல்லாம் நீ பிந்துகிறாயே என்று சாதாரணமாகச் சொல்கிறது. குழுத் தலைவர் திட்டித் திட்டிச் சொன்ன அதே குறை. குட்டி சொன்னதும் கோஷுக்குக் கோபம் வரவில்லை. யோசிக்கிறான். நான்காம் ராத்திரி, நோயில் கிடக்கும் தன் குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓர் எலி வருகிறது. எதற்கு வருகிறது, அந்தக் குஞ்சு செல்லோவுக்குள் எப்படிப் போகிறது என்பதை எல்லாம் நீங்களே படித்துச் சிரியுங்கள்.

கச்சேரியில் என்ன நடந்தது? சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் கோஷ் ஜன்னலைத் திறந்து தூரத்து வானத்தைப் பார்த்து ஒருவரிடம் வருத்தம் தெரிவிக்கிறான். கேட்பதற்கு அவர் அங்கே இல்லை. அந்தப் பக்கத்தை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. 1982-இல் தாகாஹாதா இசாவோ இதைக் கார்ட்டூன் படமாகவும் எடுத்தார். படத்தைப் பார்ப்பதற்கு முன் கதையைப் படித்துவிடுங்கள். உங்கள் மனதில் ஓடுகிற செல்லோவின் சத்தம் வேறு, படத்தில் வருகிற சத்தம் வேறு.

சண்டைக்கு வயலின்

செல்லோவில் இருந்து வயலினுக்கு வருவோம். ஷினிச்சி சுசுகி என்பவரும் ஜப்பானியரே. 1898-இல் பிறந்து 1998 வரை வாழ்ந்தவர். அவருடைய அப்பா நகோயா நகரில் வயலின் தொழிற்சாலை நடத்தினார். வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வயலின். அப்படியானால் பையன் சின்ன வயதிலேயே மேதை ஆகியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! வயலின் என்றால் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, அண்ணன் தம்பிகள் சண்டையில் வயலினால் ஒருவரை ஒருவர் அடித்துக் கொள்வார்களாம்.

பதினேழாவது வயதில் ஒருநாள் கிராமபோனில் ஓர் இசைத்தட்டைக் கேட்டார். மிஷா எல்மன் என்ற கலைஞர் வாசித்தது. விளையாட்டுச் சாமானில் இருந்தா இப்படி ஒரு நாதம் என்று அசந்துபோய், தொழிற்சாலையில் இருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகினார். பிறகுதான் ஜெர்மனிக்குப் போய் முறையாகப் படித்தார்.

அவர் எழுதிய புத்தகம் 1966-இல் ஜப்பானிய மொழியில் வந்தது. அவர் மனைவி வால்ட்ராவுட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'நர்ச்சர்டு பை லவ்' என்று பெயர். அன்பால் வளர்ந்தவை என்று சொல்லலாம். அதில் அவர் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பெரிதாக யோசிக்கிறார். ஜப்பானியக் குழந்தைகள் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்களே! கணக்கு வராத குழந்தையும் பேசுகிறது. மக்கு என்று ஆசிரியர் ஒதுக்கிய குழந்தையும் பேசுகிறது. தாய்மொழியை எப்படிக் கற்றார்கள்? கேட்டார்கள், திரும்பச் சொன்னார்கள், மறுபடியும் கேட்டார்கள். அப்படியே வயலினையும் கற்றால் என்ன? உலகம் முழுவதும் சின்னக் குழந்தைகள் சின்ன வயலினோடு 'சுசுகி முறை' என்று பழகுவது இந்த யோசனையில் இருந்து வந்ததுதான்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் இந்தப் புத்தகம் என் கையில் கிடைத்திருந்தால், என்னிடம் படித்த பல பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். புத்தகம் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கலாம். சின்னவர்கள் ஒன்று செய்யுங்கள். அப்பா அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்!

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு. யெஹுதி மெனுஹின் என்ற வயலின் மேதையின் தன்வரலாறு 'அன்ஃபினிஷ்டு ஜர்னி'. 1977-இல் வந்தது. தடிமனான புத்தகம், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அவர் வயலின் கேட்டார். குடும்ப நண்பர் ஒருவர் தகரத்தால் ஆன பொம்மை வயலினைக் கொடுத்தாராம். அது பாடவில்லை என்று தரையில் வீசிவிட்டு ஒரே அழுகை! அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இன்னொன்று டோபி ஃபேபர் எழுதிய 'ஸ்ட்ராடிவேரியஸ்'. 2004-இல் வந்தது. இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் ஸ்ட்ராடிவாரி என்பவர் வயலின்கள் செய்தார். 1737-இல் இறந்தார். அவர் கையால் செய்த ஐந்து வயலின்களும் ஒரு செல்லோவும் யார் யார் கைக்கெல்லாம் மாறின என்று துப்பறியும் கதைபோல எழுதியிருக்கிறார் ஃபேபர். அந்த ஐந்தில் ஒன்று மெனுஹின் கைக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்று ஆக்ஸ்ஃபோர்டில் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பளபளவென்று புதுசுபோல இருக்கும். ஏன் புதுசுபோல இருக்கிறது? அதை வாசித்தவர்கள் மிகக் குறைவு! எனக்கு என்னவோ காத்தேயுராவின் பெயிண்ட் டப்பா வயலினோடு அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

குதிரையில் இருந்து வந்த இசை

மங்கோலியாவில் இரண்டே தந்திகள் உள்ள ஒரு வாத்தியம் உண்டு. மொரின் கூர் என்று பெயர். அதன் உச்சியில் குதிரைத் தலை செதுக்கியிருப்பார்கள். தந்தியும் குதிரை முடி, வில்லும் குதிரை முடி. அது எப்படிப் பிறந்தது என்று ஒரு பழங்கதை சொல்கிறது. அதை ஓத்சுகா யூசோ எழுத, அகாபா சுயேகிச்சி வரைந்த படப் புத்தகம் 'சூஹோவின் வெள்ளைக் குதிரை'. 1967-இல் வந்தது. ஆங்கிலத்திலும் உண்டு. சூஹோ என்ற ஏழை இடையன், அவன் வளர்த்த வெள்ளைக் குதிரை, அதைப் பறித்துக்கொண்ட பிரபு. அவ்வளவுதான் சொல்வேன். படிக்கும்போது கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும். இதற்குப் படம் போட்ட அகாபா, 1980-இல் குழந்தைகள் நூல் ஓவியருக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம் தமிழ்ச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. வாத்தியத்தில் கட்டுகிற தந்தியைப் பழைய நூல்கள் என்ன பெயரால் சொல்கின்றன? நரம்பு! உலகத்தில் பல இடங்களிலும் அந்தக் காலத்தில் தந்தி என்பது விலங்கின் குடலையும் நரம்பையும் முறுக்கிச் செய்ததுதான். கம்பி எல்லாம் பிற்பாடு வந்தது. வாத்தியம் மாறினாலும் சொல் நின்றுவிட்டது. 'நரம்புக் கருவி' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு பழைய யாழின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஆக, யாழுக்கு வந்துவிட்டோம்!

நாலாவது பெஞ்சுக்குப் பதில்

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டு என்று ஒரு தொகுப்பு. ஓலைச்சுவடியாகக் கிடந்ததைத் தேடி எடுத்து 1889-இல் அச்சிட்டவர் உ.வே.சாமிநாதையர். அதில் இரண்டாவது பாட்டு பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் பாடியது. கரிகால் சோழனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, "நீயும் அவனிடம் போ" என்று வழி சொல்கிறான். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கையில் இருக்கும் யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார் புலவர். புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் எடுத்த புகைப்படம் என்றே சொல்வேன்!

யாழின் வயிறுபோன்ற பாகத்துக்குப் பத்தல் என்று பெயர். அது நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்து, மான் குளம்பு மண்ணில் பதிந்த தடம்போல இருக்குமாம். அதன்மேல் போர்த்திய தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். ஆணிகள் எப்படி? வளைக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண்போல! மேலே எழும் தண்டு, பாம்பு தலை தூக்கினாற்போல. நரம்புகள், குற்றிய தினை அரிசிபோலக் குற்றமில்லாமல் இழுத்து உருவப்பட்டவை. வழிப்பறிக் கள்வர்கள்கூட இதன் இசையைக் கேட்டால் கையில் உள்ள ஆயுதத்தைப் போட்டுவிடுவார்களாம். மூலப் பாட்டு கடினம்தான். உரையோடு கிடைக்கிறது. தமிழ் ஆசிரியரிடம் கேட்டு, யாழ் வருகிற தொடக்கப் பகுதியை மட்டும் படியுங்கள். படித்துக்கொண்டே ஒரு தாளில் யாழை வரைந்து பாருங்கள். உங்கள் படமும் உங்கள் நண்பனின் படமும் வேறு வேறாக இருக்கும். அதுதான் வேடிக்கை.

இத்தனை அழகாகப் பாடப்பட்ட யாழ், பிறகு வழக்கில் இருந்தே மறைந்துவிட்டது. செய்யும் தச்சர் இல்லை, வாசிக்கும் பாணர் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியது, பாட்டில், பழமொழியில், யாழ்ப்பாணம் என்ற ஊரின் பெயரில்.

நான் நூலகத்தில் கண்டெடுத்த பெரிய புத்தகம் இப்போது வருகிறது. அதன் பெயர் 'யாழ் நூல்'. எழுதியவர் விபுலாநந்த அடிகள். கிழக்கு இலங்கையில் காரைதீவில் 1892-இல் பிறந்தவர். இளமைப் பெயர் மயில்வாகனன். தமிழோடு அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியவர். துறவியானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் பகுதியில் யாழ் ஆசிரியனைப் பற்றிச் சில அடிகள் வருகின்றன. அந்த அடிகளுக்குச் சரியான பொருள் என்ன என்று தேடப் புறப்பட்டவர், ஏறக்குறைய 14 ஆண்டுகள் தேடினார். பாட்டையும் உரையையும் மட்டுமா பார்த்தார்? எந்த நரம்பு எவ்வளவு நீளம் இருந்தால் எந்த ஸ்வரம் பிறக்கும் என்று கணக்குப் போட்டார். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று பழைய உரைகள் சொல்வதை வைத்து, அவை எப்படி இருந்திருக்கும் என்று உருவம் கொடுத்தார். யாழையே செய்வித்து வாசிக்கவும் ஏற்பாடு செய்தார்.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அடிகள் அப்போதே உடல்நலம் குன்றியிருந்தார். அடுத்த மாதமே, ஜூலை 19-ஆம் தேதி காலமானார். புத்தகத்தை முடித்து, யாழின் ஒலியை ஊர் கேட்கச் செய்துவிட்டுப் போனார்.

யாழ் நூல் உங்களுக்குப் புரியுமா? உண்மையைச் சொல்கிறேன், எனக்கே முழுக்கப் புரியவில்லை. மூன்று முறை முயன்றும் பாதி ஆற்றில்தான் நிற்கிறேன். கணக்கு வருகிற பக்கங்களைத் தாண்டிவிட்டு, 'யாழுறுப்பியல்' என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பிறகு வளர்ந்து ஒருநாள் மறுபடியும் எடுங்கள். அண்மைக் காலத்தில் இளைஞர்கள் சிலர் மறுபடியும் யாழ் செய்து வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு ஒரே மகிழ்ச்சி.

சரி, யாழ் வீணை மாதிரி இல்லை என்றேனே, எப்படி? மூடி இல்லாத ஒரு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டித் தட்டுங்கள். ஒரு சத்தம் வரும். இப்போது ரப்பரின் நடுவில் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதியைத் தட்டுங்கள். சத்தம் உயர்ந்துவிட்டதா? இதுதான் வீணை. வீணையில் வாசிக்கும் தந்தி நாலு. தண்டின்மேல் 24 மெட்டுகள். விரலால் அழுத்த அழுத்தத் தந்தியின் நீளம் குறையும், ஸ்வரம் ஏறும். ஒரே தந்தியில் பல ஸ்வரம்.

இப்போது சிறிதும் பெரிதுமாக மூன்று ரப்பர் பேண்டுகளை வரிசையாக மாட்டுங்கள். விரலால் எதையும் அழுத்தாமல் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். சின்ன ரப்பர் விறைப்பாக நின்று கீச்சென்று ஒலிக்கும். பெரியது தொளதொளவென்று தாழ்ந்து ஒலிக்கும். இதுதான் யாழ்! ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். மெட்டு கிடையாது. அதனால்தான் பேரியாழுக்கு அத்தனை நரம்பு வேண்டியிருந்தது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். திருஞானசம்பந்தர் பாடப் பாட யாழில் வாசித்து வந்தவர். ஒருநாள் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவே இல்லை. எந்த நரம்பிலும் அந்த இசையைப் பிடிக்க முடியவில்லை. வேதனை தாங்காமல் யாழ்ப்பாணர் தன் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வளைத்து வளைத்துப் பாடுகிற குரலை, ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம் என்று நிற்கும் கருவியால் முழுக்கப் பின்தொடர முடியுமா? இந்தக் கதையை ரப்பர் பேண்ட் சோதனை செய்த பிறகு படித்துப் பாருங்கள், யாழ்ப்பாணரின் வருத்தம் நன்றாகவே புரியும்.

நாலாவது பெஞ்சுப் பையனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. அவன் மகளோ மகனோ உங்களில் ஒருவராக இருக்கலாம். அப்பா எப்போதாவது "யாழ்னா நம்ம வீணை மாதிரிதான், எங்க சார் சொல்லியிருக்கார்" என்று சொன்னால், டிபன் பாக்ஸையும் மூன்று ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த சார் தப்பாகச் சொல்லிவிட்டாராம் என்று சொல்லுங்கள்.